வீட்டுக் காருக்குப் பின்னால் பிரேக்டவுன் வண்டி வராது

சுரங்கத்தின் வண்டிப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலை டோசரும் டம்பரும் ஜீப்பும்தான் என்று ஆர்டரில் அடித்துக் கொடுத்திருப்பார்கள். நம்பாதீர்கள். முதல் சம்பளம் கைக்கு வருவதற்குள் யாராவது ஒருவர் கேன்டீனில் டீ டம்ளரோடு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சொந்த ஊர், அப்பா அம்மா சௌக்கியம் எல்லாம் விசாரித்துவிட்டு, மெல்ல விஷயத்துக்கு வருவார். "வூட்டுக்கு ஒரு காரு வாங்கலாம்னு இருக்கேன். பெட்ரோலு எடுக்கலாமா, டீசலு எடுக்கலாமா?"

எண்பதுகளின் ஆரம்பத்தில் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்ன அளவுக்கு என் மேலதிகாரிகளுக்குக்கூடப் பதில் சொன்னதில்லை. நான் தென்காசிப் பக்கம் என்பதால் பட்டறையில் எல்லோருக்கும் அண்ணாச்சி. டவுன்ஷிப்பில் யார் கார் வாங்கினாலும் அண்ணாச்சி ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்த்து, "சரி" என்று சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கமே ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போகும்போது பெரிய மனிதர் ஒருவரைக் கூட அழைத்துப்போவார்களே, அந்த மாதிரி. காபி கிடைக்கும், தப்பாகப் போனால் திட்டும் கிடைக்கும்.

சிலருக்குப் பதில் சுலபம். தினமும் விருத்தாசலத்துக்கும் கடலூருக்கும் அலைகிற கான்ட்ராக்டர் வந்து கேட்டால் டீசல் என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிடுவேன். ஓடிக்கொண்டே இருக்கிற வண்டிக்கு டீசலை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கஷ்டமெல்லாம் வீட்டுக் காரில்தான். வாரத்தில் முக்கால்வாசி நாள் அது குவார்ட்டர்ஸ் வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்கும். தேவை வருகிற அன்று மட்டும் உயிர் போகிற அவசரத்தில் எழுப்புவார்கள்.

இதில் நம் சுரங்கத்துக்காரர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். நம் ஆட்களுக்கு டீசல் மேல் ஒரு மயக்கம். சுரங்கக் குழிக்குள் நாள் முழுக்க டோசர் மண்ணைத் தள்ளிக்கொண்டு உறுமுவதைக் கேட்டுக் கேட்டு, உறுமாத இன்ஜினை இன்ஜின் என்றே மதிக்க மாட்டார்கள். பெட்ரோல் கார் என்றால் அது ஆபீசர் வீட்டு அம்மா மார்க்கெட்டுக்குப் போவதற்கு என்று ஒரு இளக்காரம். கேன்டீனில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் ஓட்டெடுப்பே வேண்டாம், டீசல்தான் ஜெயிக்கும்.

அரிகிருஷ்ணனும் அந்தக் கட்சிதான். டோசர் ஆபரேட்டர். கம்மாபுரம் பக்கத்து ஆள். அவனுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவன் கான்ட்ராக்டில் மண் சுமக்க வந்து, பெர்மனென்ட் ஆகி, கடைசியில் டோசரில் ஏறி உட்கார்ந்தவன். ஏறி உட்கார்ந்த பிறகு இறங்கவே மனசு வராது அவனுக்கு. அவ்வளவு பெருமை.

அவன் கார் வாங்க நினைத்தது பெருமைக்காக இல்லை. ஒரே மகள், தமிழரசி, பத்து வயது. சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து, இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டுவிட்டிருந்தார்கள். புதன்கிழமை தோறும் அங்கே போய்க் காலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். அம்மாக்காரி பூங்காவனம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறிப் போய்வந்தாள். பிள்ளை வளர வளர இடுப்பு தாங்கவில்லை. கூட்டமான பஸ்ஸைப் பார்த்தால் ஏறாமலே வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். அப்படிச் சில புதன்கிழமைகள் தவறிப்போனதில் முழங்கால் மறுபடி மடங்கிக்கொண்டு, திரும்பவும் மாவுக்கட்டு, திரும்பவும் அழுகை. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு வருஷம் ஒரு புதன்கூடத் தவறாமல் வந்தால் இந்தப் பெண் எதையும் பிடிக்காமல் தானாக நிற்க வாய்ப்பு இருக்கிறது. தவறினால் அந்த வாய்ப்பும் போய்விடும் என்று. அதுவரை சுவர், கட்டில், அம்மாவின் இடுப்பு, ஏதாவது ஒன்று கையில் இருந்தால்தான் தமிழரசி நிற்பாள்.

பணம் எப்படிப் புரட்டினான் என்பது இங்கே வேண்டாம். இரண்டு கார் வந்து நின்றன. ஒன்று, ரிட்டையர் ஆகி ஊருக்குப் போகிற ஒரு ஆபீசருடைய பெட்ரோல் கார். இன்னொன்று, நெல்லிக்குப்பத்தில் கரும்பு லாரி வைத்திருந்த ஒருவருடையது. அதில் பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றியிருந்தார். இரண்டும் அந்தக் காலத்தில் எங்கே பார்த்தாலும் ஓடிக்கொண்டிருந்த அதே உருண்டை முதுகுக் கார். ஆபீசர் மூட்டை கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். நெல்லிக்குப்பத்துக்காரருக்கும் வேறு ஆள் காத்துக்கொண்டிருந்தார்.

அரிகிருஷ்ணன் என்னைக் கூப்பிட்டுப்போனான். என் யோசனை கேட்டு இல்லை. டீசலுக்குத் தலையாட்ட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அவன் வீட்டில் காபியைக் குடித்துக்கொண்டே கேட்டேன். "புதன்கிழமை உனக்குக் காலையில ஏ ஷிப்ட் விழுந்தா யாருப்பா ஓட்டுவா?"

அவன் யோசிக்காமல், "யாராவது கெடைப்பாங்க அண்ணாச்சி. மச்சான் இருக்கான். பக்கத்து வூட்டுத் தம்பி இருக்கான்" என்றான்.

"அவங்களும் ஷிப்டுக்குப் போறவங்கதானே?"

உங்களுக்கு இது தெரிந்திருக்கும். ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும், ஆஸ்பத்திரியின் புதன்கிழமை மாறாது. குழிக்குள் இறங்கிய ஆபரேட்டர் தன்னை மாற்ற ரிலீவர் வராமல் மெஷினை விட்டு இறங்கவும் முடியாது. காருக்கு யார் பேரில் ஆர்.சி. என்பது எல்லோருக்கும் தெரியும். சாவி யார் கையில் இருக்கப்போகிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

சமையலறை வாசலில் நின்றிருந்த பூங்காவனம் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நான் ஓட்றேங்க."

அரிகிருஷ்ணன் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது.

"என்னா சிரிப்பு? பஸ்ஸுல புள்ளய தூக்கிகினு தொங்கறது நானு. ஓட்றதையும் நானே ஓட்டிட்டுப் போறேன். நீ போயி உன் டோசர கட்டிகினு கெட."

அந்த நிமிஷமே கேள்வி மாறிவிட்டது. அதுவரை அது இன்ஜினைப் பற்றிய கேள்வி. இப்போது பாண்டிச்சேரி ரோட்டில் ஒரு பெண்ணும் நடக்க முடியாத ஒரு பிள்ளையும் மட்டும் இருக்கிற காரைப் பற்றிய கேள்வி. எனக்கு இருந்த அவகாசமோ அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். விற்பவர் இருவரும் நல்ல கார் என்று சத்தியம் செய்தார்கள், சத்தியம் பொய்யும் இல்லை. இரண்டும் நன்றாகத்தான் ஓடின. நன்றாக ஓடுகிற இரண்டு காரை வைத்துக்கொண்டு எதைத் தீர்மானிப்பது? அதனால் இரண்டையும் கெடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு காரையும் அவன் குவார்ட்டர்ஸ் முன்னால் நிறுத்தச் சொன்னேன். பிளாக் முழுக்க வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. முதலில் பெட்ரோல் காரின் பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். ஆபீசர் முகம் வெளுத்துவிட்டது.

"நல்ல வண்டி மேல தண்ணிய ஊத்துறாரே, என்னா ஆச்சு இவருக்கு" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் இருமி நின்றுபோனது. பூங்காவனத்தைக் கூப்பிட்டேன். மூடியை எப்படிக் கழற்றுவது, உள்ளே எப்படித் துடைப்பது என்று ஒருமுறை காட்டிவிட்டு, மறுபடி ஈரமாக்கி, நீ செய் என்று தள்ளி நின்றேன். புடவைத் தலைப்பால் துடைத்தாள். மாட்டினாள். சாவியைத் திருப்பினாள். கிளம்பிவிட்டது. கை கொட்டியவர்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்து டீசல். எண்ணெய் வருகிற குழாயில் ஒரு நட்டைத் தளர்த்திக் காற்று புக விட்டேன். டீசல் இன்ஜினுக்குள் காற்றுப் புகுந்தால் தெரியும் அல்லவா, சோறே வேண்டாம் என்று படுத்துவிடும். அந்தக் காற்றை எப்படி வெளியேற்றுவது என்று அவளுக்குக் காட்டினேன். நட்டு உள்ளே தள்ளி இருந்தது. ஸ்பானர் எட்டவில்லை. எட்டியபோது அசையவில்லை. கையெல்லாம் எண்ணெய். எப்படியோ முடித்துச் சாவியைத் திருப்பினால் காற்று இன்னும் மிச்சம் இருந்தது. திருப்பித் திருப்பி பேட்டரி மூச்சை விட்டது. அரிகிருஷ்ணன் பொறுக்க முடியாமல் தானே இறங்கி நட்டைப் பிடித்தான். அவனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து தள்ளித்தான் அந்தக் காரைக் கிளப்பினார்கள்.

"பாத்தீங்களா அண்ணாச்சி, கெளம்பிடுச்சு" என்றான் பெருமையாக.

"கெளம்பிடுச்சு. தள்ளின மூணு பேரையும் புதன்கிழமை வண்டியில ஏத்தி அனுப்புவியா?"

நம் ஆட்கள் செய்கிற தப்பு இதுதான், பிள்ளைகளே. எந்த வண்டி நிற்காது என்று பார்க்கிறோம். நிற்காத வண்டி என்று இந்த உலகத்தில் ஒன்று கிடையாது, நாற்பது வருஷம் பானெட்டுக்குள் தலையை விட்டவன் சொல்கிறேன். குழிக்குள் டோசர் நின்றால் நமக்குக் கவலை இல்லை. பின்னாலேயே பிரேக்டவுன் வண்டி வரும், அதில் ஃபிட்டர் வருவான், ஹெல்பர் வருவான், ஜாக்கி வரும். அந்தத் தைரியத்தில்தான் நமக்கு டீசல் இவ்வளவு பிடிக்கிறது. அதே தைரியத்தை வீட்டுக் காருக்கும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். நின்றால் அதை யார் கிளப்ப முடியும் என்று கேளுங்கள். உள்ளே இருக்கிறவரால் முடிகிற வண்டி நல்ல வண்டி, அது பெட்ரோலோ டீசலோ. பூங்காவனத்தின் கைக்கு அன்றைக்குப் பெட்ரோல் எட்டியது. வேறொரு வீட்டில் வேறு பதில் சொல்லியிருக்கிறேன், அதற்காக வருத்தமும் இல்லை.

பெட்ரோல் காரை வாங்கினார்கள். அரிகிருஷ்ணன் ரொம்ப நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேன்டீனில் அவனை "ஆபீசர் வர்றாரு, வழி விடு" என்று ஓட்டினார்கள். பூங்காவனம் டவுன்ஷிப்பின் அகலமான ரோடுகளில் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் எடுத்தாள். நான் போகிற வழியில் எப்போதாவது அந்தக் காரை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, "இப்ப கெளப்பு" என்பேன். "வயித்தெரிச்சல கெளப்பவே வர்றீங்க" என்று திட்டிக்கொண்டே கிளப்பிவிடுவாள். புதன்கிழமைகள் தவறவில்லை.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்தது. அது ஒரு புதன்கிழமை. காலையில் தூறலாகத்தான் இருந்தது, பூங்காவனம் மகளோடு பாண்டிச்சேரிக்குக் கிளம்பிவிட்டாள். மத்தியானத்துக்குள் வானம் உடைந்துகொண்டு கொட்டியது. குழிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பம்புகளைச் சுற்றி டோசர்கள் கரை போட்டுக்கொண்டிருந்தன. அதில் ஒன்றில் அரிகிருஷ்ணன். மத்தியானம் மாறுகிற பி ஷிப்டின் பஸ்கள் நேரத்துக்கு வரவில்லை. வந்த ஒரு பஸ்ஸில் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த ஆட்கள்தான் சேதி கொண்டுவந்தார்கள்.

"ரோட்டு மேல தண்ணி போவுதுங்க. வண்டிங்க எல்லாம் அங்கங்க நிக்குது. அரிகிருஷ்ணன் வூட்டு காரு மாதிரியே ஒண்ணு பானெட்ட தொறந்துகினு நின்னுகினு இருந்துச்சு."

சேதி குழிக்குள்ளும் போய்விட்டது. சேறும் மழையுமாக அவன் பம்ப் மேடைப் போனில் பட்டறைக்குப் பேசினான். "அண்ணாச்சி, உங்க பேச்ச கேட்டுதான் அந்த வண்டிய வாங்கினேன். இப்ப நடு ரோட்டுல எம்பொண்டாட்டியும் புள்ளையும் நிக்குது. பிரேக்டவுன் வண்டிய அனுப்புங்க."

அன்று ஏ ஷிப்டில் பட்டறை என் பொறுப்பு, இருந்தது ஒரே ஒரு பிரேக்டவுன் வண்டி. கரை போட்டுக்கொண்டிருந்த டோசர்களில் ஒன்று காலையிலிருந்தே மக்கர் செய்துகொண்டிருந்தது. அது நின்றால் கரை நிற்காது, கரை போனால் பம்ப் போய்விடும், பம்ப் மேடையில் ஆட்கள் இருந்தார்கள். வண்டியை அனுப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிரைவர் போய்விட்டு வந்திருப்பான், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"வண்டி வராது, அரி" என்றேன்.

அவன் போனை வைப்பதற்குள், "உனக்கு ரிலீவர் தர்றேன். மேல வா. நாம ரெண்டு பேரும் என் ஸ்கூட்டர்ல போறோம்" என்றேன்.

ரிப்பேர் முடிந்த வண்டிகளை ஓட்டிப் பார்க்கிற, டோசர் ஓட்டத் தெரிந்த டெஸ்டர் ஒருவன் எங்கள் பட்டறையில் இருந்தான். அவன் முனகாமல் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினான். பி ஷிப்ட் இன்சார்ஜ் வந்ததும் சார்ஜைக் கொடுத்துவிட்டு, அரிகிருஷ்ணனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியில் அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெட்ரோல் இன்ஜினுக்கு மழைத் தண்ணீர் ஆகாது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன். தெரிந்து சொன்னதே சரியா என்று அந்த ரோட்டில் நூறு முறை எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

வடலூர் தாண்டியதும் ரோடு எது வயல் எது என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர். கொஞ்ச தூரம் போனதும் என் ஸ்கூட்டர் இரண்டு முறை துப்பிவிட்டு நின்றுவிட்டது. உதைத்தேன், உதைத்தேன், அசையவில்லை. துடைக்கலாம் என்றால் எங்கள் இரண்டு பேர் உடம்பிலும் காய்ந்த துணி ஒரு முழம் கிடையாது. டவுன்ஷிப்புக்கே கார் பார்த்துச் சொல்கிற அண்ணாச்சி நான், அரிகிருஷ்ணன் பின்னால் கை கொடுக்க, முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனேன்.

எதிரே ஒரு கார் விளக்கைப் போட்டுக்கொண்டு, தண்ணீரை இரண்டு பக்கமும் ஒதுக்கிக்கொண்டு மெல்ல வந்தது. அரிகிருஷ்ணன் ஸ்கூட்டரை விட்டுவிட்டு ஓடினான்.

பூங்காவனம் கண்ணாடியை இறக்கினாள். தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள். கை கறுப்பாக இருந்தது. "என்னா அண்ணாச்சி, தள்ளிகினு வர்றீங்க? ஸ்கூட்டர ஓரமா பூட்டிட்டு ஏறுங்க" என்றாள்.

ஏறினோம். முன் சீட்டில் தமிழரசி, அவளும் தொப்பலாக நனைந்து, பல் கிடுகிடுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் இல்லாத மேட்டுக்கு வந்ததும் அரிகிருஷ்ணன் மனைவியிடம் கேட்டான்.

"எத்தினி தபா நின்னுச்சு?"

"ரெண்டு தபா. தொடச்சிட்டு கெளப்பினேன். அதுல என்னா இருக்கு?" என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடியே. "முதல் தபா தொடைக்க தொடைக்க மழ உள்ளாறயே உழுது. அப்புறம் இவள எறக்கி கொட புடிக்கச் சொன்னேன்."

"அம்மா கத்திகினே இருந்தாங்கப்பா. ஆட்டாம புடி, ஆட்டாம புடின்னு" என்றாள் தமிழரசி.

அரிகிருஷ்ணன் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தான். "நீ எதப் புடிச்சிகினு நின்னே?"

"கொடையதாம்பா."

"கொட சரி. இன்னொரு கையில?"

"ரெண்டு கையாலயும் கொடையதான் புடிச்சேன். காத்து எவ்ளோ அடிச்சுது தெரியுமா?"

பூங்காவனம் காரை ஓரம் கட்டினாள். மகளைத் திரும்பிப் பார்த்தாள். இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கும், குடையையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கும் அதுவரை இது தோன்றவே இல்லை. அரிகிருஷ்ணன் வாய்விட்டு அழுதான். எனக்கும் அடக்க முடியவில்லை, மறைக்கவும் தோன்றவில்லை.

பூங்காவனம் இறங்கி வந்து மகள் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "எறங்கு தமிழு. இன்னொருக்கா நில்லு, அப்பா பாக்கட்டும்."

அவளை இறக்கி, பட்டைகளை நேராக்கி நிறுத்தினாள். தமிழரசி கதவை விடவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "கொடைய குடுங்க. அது இல்லாம நிக்க மாட்டேன்" என்றாள்.

கொடுத்தோம். கதவிலிருந்து ஒரு கையை எடுத்தாள், பிறகு இன்னொரு கையையும் எடுத்துக் குடையை விரித்துப் பிடித்தாள். மழை விடவில்லை. நாங்கள் மூன்று பேரும் ரோட்டோரத்தில் நனைந்துகொண்டே அவள் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.